முதலில் ஓடட்டும், பிறகு மின்னட்டும்

தஞ்சாவூர், ஈரோடு, நாகர்கோவில் என்று எந்தப் பக்கம் போனாலும், பழைய வீடுகளின் கொல்லைப்புறத்தில் சாக்குப் போர்த்திய ஒரு புல்லட்டைப் பார்த்துவிடலாம். தாத்தா வாங்கியது, பெரியப்பா ஓட்டியது, அப்பா காலத்தில் ஒருநாள் நின்றுபோனது. விற்க மனசு வரவில்லை, ஓட்டவும் ஆளில்லை. டயர் தரையோடு அமுங்கி, ஸ்போக்கில் துரு ஏறி, சீட்டுக்குள் எலி குடியேறி, வண்டி அப்படியே நிற்கும்.

சில வருடங்களாக அந்தச் சாக்குகள் ஒவ்வொன்றாக விலகி வருகின்றன. விலக்குகிறவர்களில் பலர் மெக்கானிக்குகள் இல்லை. வங்கியில் வேலை செய்கிறவர், பள்ளிக்கூட ஆசிரியர், வாரம் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் இளைஞர், மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்பேனர் செட்டை விரிக்கிறார்கள். எல்லோருக்கும் இருக்கும் சந்தேகம் ஒன்றுதான்: வேலையே தெரியாமல் வீட்டிலேயே இதைச் செய்ய முடியுமா?

முடியும். புல்லட் போன்ற வண்டியில் நிச்சயமாக முடியும். ஆனால் எதை முதலில் தொடுகிறோம், எதைக் கடைசிக்குத் தள்ளுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆசை வேகத்தில் முதல் வாரமே முழு வண்டியையும் பிரித்துப் போடுகிறவர்கள் உண்டு. சேஸிஸ் சாண்ட் பிளாஸ்டிங்குக்குப் போகும், இன்ஜின் மூன்று துண்டாக மாடிப்படிக்குக் கீழே கிடக்கும், நட்டும் போல்ட்டும் ஒரே பிளாஸ்டிக் வாளியில் கலந்திருக்கும். இரண்டு மாதம் கழித்து எந்த போல்ட் எந்த ஓட்டைக்கு என்பது மறந்துபோகும். அதற்குள் வீட்டில் கல்யாணம், ஆபீசில் வேலைப்பளு. கடைசியில் அந்த வண்டி நான்கைந்து மூட்டையாகப் பழைய சாமான் கடைக்குப் போகும். இருபது வருடம் கொல்லையில் நின்று பிழைத்த வண்டி, ஆசையோடு திறந்தவர் கையில் செத்துப்போவதை என்னால் தாங்கிக்கொள்ள முடிவதில்லை. இந்தக் கட்டுரையை எழுதுவதற்குக் காரணமே அதுதான்.

திருவொற்றியூரின் பிள்ளை

புல்லட் என்ற பெயர் 1932-ல் இங்கிலாந்தில் பிறந்தது. ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனி வைத்த பெயர். இன்று நாம் பழைய புல்லட் என்று சொல்லும் உருவம், பின்சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்மும் ஷாக் அப்சார்பரும் வைத்த அந்த 350 சி.சி. வண்டி, இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு வந்தது. எல்லைக் காவலுக்கு உறுதியான மோட்டார் சைக்கிள் தேடிய இந்திய அரசு, 1950-களில் 800 புல்லட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தது. அதையொட்டி 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. ஆரம்பத்தில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் எந்திரங்களுமே இங்கு வந்துவிட்டன. 1962 வாக்கில் முழு வண்டியும் உள்ளூர்த் தயாரிப்பாகிவிட்டது.

இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி 1970-ல் மூடப்பட்டது. திருவொற்றியூரிலோ அதே வண்டி, அதே அச்சில் வந்துகொண்டே இருந்தது. 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆனது. 1994-ல் கம்பெனி ஐஷர் குழுமத்துக்குப் போனது. பழைய காஸ்ட் அயர்ன் இன்ஜின் அதற்குப் பிறகும் பல வருடம் ஓடி, 2000-களின் இறுதியில்தான் புதிய இன்ஜினுக்கு வழிவிட்டது.

புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு இந்த வரலாற்றால் ஒரு பெரிய லாபம் உண்டு. அரை நூற்றாண்டுக்கு மேல் அடிப்படை மாறாமல் ஒரு வண்டி வந்திருக்கிறது என்றால், அதன் உதிரிபாகம் ஏதாவது ஒரு கடையில் கிடைக்கும், அதைப் பிரித்துப் பூட்டிய கை ஏதாவது ஒரு தெருவில் இருக்கும். சென்னையில் ஜி.பி. ரோட்டில் புதுச் சாமான், புதுப்பேட்டையில் பழைய சாமான். டெல்லி கரோல் பாக்கில் புல்லட்டுக்கென்றே வரிசையாகக் கடைகள்.

வேறு வண்டிகளும் இருக்கின்றன. மைசூரில் தயாரான ஜாவாவும் எஸ்டியும் டூ ஸ்ட்ரோக் என்பதால் வால்வு வேலையே கிடையாது. கிக்கரே கியர் லீவராகவும் மாறும் அந்த அமைப்பு இன்றைக்கும் ரசிக்கத்தக்கது. யமஹா ஆர்.எக்ஸ். 100 இன்னும் எளிது. ஆனால் அதற்கு ஏறியிருக்கும் கிராக்கியால் சந்தையில் போலிப் பாகங்களும், நம்பர் சந்தேகத்துக்குரிய சேஸிஸ்களும் மலிந்துவிட்டன. முதல் வண்டி புல்லட்டாக இருப்பது நல்லது என்பது என் உறுதியான அபிப்பிராயம். 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், ஒரே சிலிண்டர், 346 சி.சி. எல்லாப் பாகமும் கைக்கு எட்டும் பெரிய அளவில் இருக்கின்றன. இடப்பக்க பிரைமரி கவரை ஒரே ஒரு நட்டு பிடித்துக்கொண்டிருக்கிறது. ஃபுட்ரெஸ்ட்டையும் பிரேக் பெடலையும் விலக்கி அதைக் கழற்றினால் கிளட்ச், செயின், ஆல்டர்னேட்டர் மூன்றும் கண்முன்னே. வழியில் நின்றுபோனால் வழியிலேயே திறந்து பார்க்கலாம் என்று நினைத்துச் செய்த வண்டி இது.

உதைக்காதீர்கள்

பல வருடம் நின்ற வண்டியைப் பார்த்ததும் யாருக்கும் கால் துறுதுறுக்கும். கிக்கரை உதைத்துப் பார்க்கலாமா என்று தோன்றும். வேண்டாம். பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு துருவில் ஒட்டியிருக்கலாம். பலத்தைக் காட்டினால் ரிங் உடையும், சுவரில் கோடு விழும், கிக்கர் பல் போகும்.

பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் இன்ஜின் ஆயிலை விட்டு, இரண்டு மூன்று நாள் ஊறவிட வேண்டும். பிறகு வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, டாப் கியரில் வைத்து, பின்சக்கரத்தைக் கையால் மெதுவாக முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். வலது காலால் மாற்றும் நான்கு கியர். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. குதிகாலுக்குத் தனியாக ஒரு நியூட்ரல் லீவர் இருக்கும். இன்றைய பிள்ளைகளுக்கு இது தலைகீழாகத் தெரியும், பிரேக் இடது காலில் என்பதால் இன்னும் குழப்பும். சக்கரம் ஒரு நூல் அளவு அசைந்தால் போதும், பாதி வேலை முடிந்த மாதிரி. அசையவே இல்லையென்றால் திரும்ப ஆயில் விட்டுக் காத்திருக்க வேண்டும். பொறுமை இந்த வேலையில் ஒரு கருவி, ஸ்பேனரைப் போல.

அடுத்து ஆயில். புல்லட்டில் ஆயில் டேங்க் இன்ஜினுக்குள்ளேயே இருக்கிறது. நாள்பட நிற்கும்போது அங்கிருக்கும் ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் சைலன்சரில் நீலப் புகை தெரு முழுக்கப் பரவும்; ரிங் போய்விட்டது என்று பயந்து இன்ஜினையே பிரித்தவர்கள் உண்டு. கீழே உள்ள டிரெய்ன் பிளக்குகளைத் திறந்து எல்லா ஆயிலையும் வடித்து, துணி ஃபில்டரை மாற்றி, 20டபிள்யூ-50 புது ஆயில் ஊற்றிய பிறகு வருகிற புகைதான் உண்மையைச் சொல்லும். வடிகிற ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் பிடித்துப் பாருங்கள். கருப்பாக இருந்தால் கவலையில்லை. பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. தட்டில் பித்தளைத் துகள் மினுங்கினால் ஏதோ ஒரு புஷ் தேய்கிறது. வெள்ளித் துகள் என்றால் அலுமினியமோ பேரிங்கோ. அந்த வண்டியை ஓடவிடுவதற்கு முன்பே திறந்தாக வேண்டும்.

பெட்ரோல் டேங்க்கைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே துருத்தூள் சரசரக்கும். கடையில் கிடைக்கும் வினிகரை நிரப்பி ஓரிரு நாள் வைத்து, சிறிய செயின் துண்டு ஒன்றைப் போட்டு ஆட்டிக் குலுக்கினால் பெரும்பகுதி துரு கழன்றுவிடும். வினிகரைக் கொட்டிய கையோடு சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, நல்ல தண்ணீரால் அலசி, உடனே சூடான காற்றால் உலர்த்தி, ஆயில் கலந்த பெட்ரோலை உள்சுவர் முழுக்கப் படும்படி சுழற்றிவிட வேண்டும். இந்தக் கடைசி வேலையைத் தள்ளிப்போட்டால் மறுநாளே உள்ளே புதுத் துரு பூத்திருக்கும். டேங்க்கில் ஓட்டை இருந்து வெல்டிங் தேவையென்றால் அதை வீட்டில் செய்யவே கூடாது. காலி டேங்க்கில் நிற்கும் பெட்ரோல் ஆவி, பெட்ரோலைவிட ஆபத்தானது. அது தெரிந்த பட்டறைக்காரர்கள் தண்ணீர் நிரப்பிவிட்டுத்தான் நெருப்பைக் காட்டுவார்கள்.

இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயையும் வாஷரையும் ஊறவைத்துக் கெடுக்கும். அதனால் பெட்ரோல் டியூபையும் டேப் வாஷரையும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். வண்டியை நாள் கணக்கில் நிறுத்துவதாக இருந்தால், டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டரில் இருக்கும் பெட்ரோல் தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள்.

ஒரு தீப்பொறி, ஒரு மூச்சு

இன்ஜின் ஓட மூன்று வேண்டும்: சரியான நேரத்தில் பொறி, சரியான அளவில் பெட்ரோலும் காற்றும், போதுமான கம்ப்ரஷன். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இரண்டையும் ஒரே நாளில் திறந்து வைத்தால், ஸ்டார்ட் ஆகாதபோது குற்றவாளி யாரென்று கண்டுபிடிக்கவே முடியாது.

கார்புரேட்டரில் அடைப்பு என்றால் பெரும்பாலும் பைலட் ஜெட்தான். மயிரிழை ஓட்டை அது, பழைய பெட்ரோல் காய்ந்து வார்னிஷ் போலப் படிந்து மூடியிருக்கும். ஊசியால் குத்தினால் ஓட்டை பெரிதாகி அளவு கெட்டுப்போகும். கார்ப் கிளீனர் அடித்து, காற்றால் ஊதி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். வட்டமாக ஒளி தெரிய வேண்டும்.

பொறியின் வேலை பாயின்ட்டிடம் இருக்கிறது. இரண்டு சிறு உலோக முனைகள் தொட்டுப் பிரிவதுதான் அது. பிரியும்போது இடைவெளி 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் தகடு லேசான இறுக்கத்தோடு உள்ளே வழுக்கிப் போகும் அளவு. நின்ற வண்டியில் முனைகள் மேல் வெள்ளையாகப் பூஞ்சை மாதிரி படிந்திருக்கும். நைஸ் எம்ரி தாளை மடித்து நடுவில் வைத்து இரண்டு இழுப்பு இழுத்து, கடைசியில் பெட்ரோலில் தோய்த்த தாளால் துடைத்தால் போதும். பல வண்டிகள் இந்த ஒரு வேலையில் உயிர் பெற்றுவிடுகின்றன. கண்டென்சரும் காயிலும் சந்தேகமாக இருந்தால் புதிதே போடுங்கள். விலை அதிகமில்லை, மனச்சுமை குறையும்.

டேப்பட் வைப்பதைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். புதியவரைப் பாதி மெக்கானிக்காக மாற்றும் வேலை அது. இன்ஜின் இரவு முழுக்க ஆறியிருக்க வேண்டும். சிலிண்டரின் வலப்பக்க அடியில் இருக்கும் சிறு மூடியைத் திறந்தால், இரண்டு புஷ்ராடுகளின் கால்கள் தெரியும். ஒன்று இன்லெட்டுக்கு, ஒன்று எக்ஸாஸ்ட்டுக்கு. பிஸ்டனை கம்ப்ரஷனில் மேலே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அப்போதுதான் இரண்டு வால்வும் மூடியிருக்கும். பிறகு மெல்லிய ஸ்பேனர்கள்: ஒன்று டேப்பட்டைப் பிடிக்க, ஒன்று லாக் நட்டைத் தளர்த்த, இன்னொன்று அட்ஜஸ்டரைத் திருப்ப. இரண்டு கைக்கு மூன்று ஸ்பேனர் எப்படி என்றால், அதுதான் பழக்கம். அட்ஜஸ்டரைத் திருப்பிக்கொண்டே புஷ்ராடைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டிப் பாருங்கள். தாராளமாகச் சுழல வேண்டும். மேலும் கீழும் தூக்கிப் பார்த்தால் ஆட்டம் தெரியக்கூடாது. அந்த இடம் வந்ததும் லாக் நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போதே அளவு கொஞ்சம் நகர்ந்துவிடும், அதனால் மறுபடி உருட்டிப் பாருங்கள். சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியதுதான். மீட்டர் எதுவும் வேண்டாம், விரல் சொல்லும். அதை ஒருதரம் விரல் கற்றுக்கொண்டால் பிறகு மறக்காது.

இனி உதைக்கலாம். அதற்கும் ஒரு முறை இருக்கிறது. சாவியைப் போட்டு, ஹெட்லைட் டூமில் இருக்கும் ஆம்பியர் மீட்டரைப் பார்த்தபடி கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். பாயின்ட் மூடியிருக்கும்போது முள் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். பாயின்ட் பிரிந்த நொடியில் முள் நடுவுக்கு வரும். பிஸ்டன் உச்சிக்கு அருகில் வந்துவிட்டது என்று அர்த்தம். டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை இன்னும் கொஞ்சம் தள்ளி, லீவரை விட்டு, கிக்கர் முழுசாக மேலே வந்த பிறகு ஒரே வீச்சாக உதையுங்கள். உடம்பு பலத்துக்கு இதில் வேலையே இல்லை. ஒல்லியான மனிதர்கள் செருப்புக் காலோடு இந்த வண்டியை எழுப்புவதை நம் ஊரில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்!

ஓடத் தொடங்கியதும் முதல் நிமிடத்திலேயே ஒன்றைச் சோதிக்க வேண்டும். ஹெட்டுக்கு ஏறும் ஆயில் பைப்பின் மேல் போல்ட்டைக் கால் சுற்றுத் தளர்த்திப் பாருங்கள். ஆயில் கசிந்து வந்தால் பம்ப் வேலை செய்கிறது, இறுக்கிவிட்டு நிம்மதியாக அந்தச் சத்தத்தைக் கேட்கலாம். வரவில்லையென்றால் அந்த நொடியே நிறுத்திவிடுங்கள்.

எதை நாம் செய்வது, எதை விடுவது

வண்டி ஓடிவிட்டது என்றால், அது எங்கே வலிக்கிறது என்பதை அதுவே சொல்லும். ஓடவிட்டுக் கேட்ட பிறகு எதைத் திறப்பது என்று முடிவெடுப்பதற்கும், ஓடவிடாமலே எல்லாவற்றையும் திறப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சூடான பிறகும் நீலப் புகை நிற்கவில்லையா, ரிங்கோ வால்வு கைடோ. கருப்புப் புகை என்றால் பெட்ரோல் கூடுதல். கிளட்ச்சைப் பிடித்தாலும் வண்டி இழுக்கிறதென்றால் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன.

பிரேக், கேபிள், வீல் பேரிங், ஒயரிங், கிளட்ச் பிளேட், ஸ்ப்ராக்கெட், ஷாக் அப்சார்பர் புஷ் எல்லாம் வீட்டிலேயே செய்யலாம். பிரேக் டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், காற்றும் அடிக்காதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கட்டி எறிந்துவிட வேண்டும். ரோட்டில் இறக்குவதற்கு முன்னால் பிரேக் வேலை முடிந்திருக்க வேண்டும் என்பதில் சமரசமே கிடையாது.

டைமிங் கவரைத் திறக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. கிராங்க் முனையில் ஆயில் பம்ப்பை ஓட்டும் அந்த வார்ம் நட்டு இடது மரை. வழக்கம்போல இடப்பக்கம் திருப்பினால் கழலாது, இன்னும் இறுகும். பலம் கொடுத்தால் மரையே போய்விடும். அதேபோல, பழைய என்ஃபீல்டில் அங்குல மரையும் மில்லிமீட்டர் மரையும் கலந்தே இருக்கும். கையால் மூன்று சுற்று சுலபமாக ஏறாத போல்ட்டை ஸ்பேனரால் ஏற்றவே கூடாது. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் அதன் ஓட்டையிலேயே இரண்டு சுற்று திருகி வைத்துவிடுவதுதான் இதற்கெல்லாம் நல்ல மருந்து. வைக்க முடியாததைச் சின்ன கவரில் போட்டு, மேலே பேனாவால் எழுதுங்கள். கழற்றுவதற்கு முன் போனில் நான்கு கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒயர் நிறம் தெரிகிற மாதிரி.

ரீபோரும் கிராங்க்கும் லேத் பட்டறைக்கு உரியவை. இந்த வண்டியின் கனெக்டிங் ராடின் பெரிய முனையில் உருளை பேரிங் கிடையாது, மிதக்கும் புஷ்தான். அதைப் போட்டு, இரண்டு ஃப்ளைவீலையும் திரும்பச் சேர்த்து, ஆட்டமில்லாமல் நேர் பார்ப்பதற்கு எந்திரமும் வேண்டும், பல வருடக் கையும் வேண்டும். எங்கள் ஊர் லேத் மாஸ்டரிடம் வெறும் சிலிண்டரோடு போனபோது அவர் சொன்னார்: "பிஸ்டன் எங்க தம்பி? அதைக் கையில வாங்கிட்டு வா, அப்புறம்தான் போர்." பெட்டியில் அச்சடித்த அளவை அவர் நம்புவதில்லை. வருகிற பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து, அந்த ஒரு பிஸ்டனுக்குத்தான் சிலிண்டரை வெட்டுவார். கடைசியில் ஹோனிங் கல்லை ஓட்டி, சுவரில் குறுக்கு மறுக்காகக் கோடு போட்டுத் தருவார். அந்தக் கோடுகளில்தான் ஆயில் தங்கும், புது ரிங் படியும். கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்குக் கிடைத்த பாடம் அது.

இப்படிப்பட்ட மாஸ்டர்கள் நம் சிறுநகரங்களில் குறைந்துகொண்டே வருகிறார்கள். பழைய வண்டியைத் திருத்த ஆசைப்படுகிற ஒவ்வொருவரும் இவர்களுக்கு ஒரு நாள் வேலை கொடுக்கிறோம். பேரம் பேசாமல் கேட்ட கூலியைக் கொடுங்கள்.

பெயிண்ட்டும் கோடும்

ஓடி, நின்று, பிரேக் பிடித்து, கசிவெல்லாம் அடைபட்ட பிறகுதான் அழகுக்கு வர வேண்டும். அப்போதும்கூட, எல்லாவற்றையும் உரித்துப் புதிதாக அடித்தே ஆக வேண்டுமா என்று ஒருதரம் யோசியுங்கள். தொழிற்சாலைப் பெயிண்ட் முக்கால்வாசி உயிரோடு இருந்தால், ரப்பிங் காம்பவுண்டும் மெழுகும் போட்டுத் தேய்த்தால் வருகிற ஆழமான கருப்பு, எந்தப் புதுப் பெயிண்டிலும் வராது. அலுமினிய கவர்களை எம்ரி தாள் 400, 600, 1000 என்று ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் பாலிஷ் போட்டு வீட்டிலேயே மின்னவைக்கலாம். குரோம் வேலையை வெளியே கொடுங்கள். இரண்டு டப்பா கலந்து அடிக்கும் நவீன பெயிண்ட்டையும் அப்படியே. அதன் ஆவி நுரையீரலுக்கு ஆகாது, சாதாரணத் துணி முகமூடி அதைத் தடுக்காது.

டேங்க்கின் மேல் ஓடும் அந்தத் தங்க நிறக் கோடு ஸ்டிக்கர் இல்லை. திருவொற்றியூர் தொழிற்சாலையில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு சகோதரர்கள் அதை வெறும் கையால் போட்டுப் புகழ்பெற்றார்கள். நீண்ட முடி கொண்ட தூரிகை, ஒரே மூச்சில் ஒரே இழுப்பு. ஸ்கேலும் கிடையாது, டேப்பும் கிடையாது. உங்கள் ஊரிலும் அப்படி ஒரு கை இருக்கலாம். ஃப்ளெக்ஸ் பேனர் வந்த பிறகு வேலை இழந்த போர்டு ஆர்ட்டிஸ்ட்டுகளைத் தேடிப் பாருங்கள். கடைப் பலகையிலும் லாரி முதுகிலும் வளைந்து நெளிந்த எழுத்துகளைப் போட்ட அந்தக் கைக்கு ஒரு டேங்க் கோடு பெரிய விஷயமில்லை. பல வருடம் கழித்துத் தூரிகை பிடிக்கும் ஒருவரின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும்.

பழைய புல்லட்டின் பின் சேஸிஸை அறுத்து, மட்கார்டை வெட்டி, பாபர் என்றும் கஃபே ரேசர் என்றும் மாற்றுகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. புது வண்டியில் அதைச் செய்யுங்கள். இந்த இரும்பு இனி வராது. அறுத்ததை ஒட்ட முடியாது. சட்டமும் உங்கள் பக்கம் இல்லை.

காகிதம் முக்கியம்

இவ்வளவு உழைத்தும் ஆர்.சி. இல்லையென்றால் வண்டி வீட்டு வாசலைத் தாண்டாது. அதனால் வேறொருவரிடம் வாங்குகிறவர்கள் இன்ஜினைப் பார்ப்பதற்கு முன்னால் ஆர்.சி.யைப் பாருங்கள். சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப்போக வேண்டும். நம்பரைச் சுற்றி அரம் போட்ட தடம், புது வெல்டிங், ஒழுங்கில்லாத எழுத்து எது தெரிந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். வெளிமாநில வண்டியென்றால் தடையில்லாச் சான்று கேளுங்கள். பழைய இரும்பாக ஏலம் போன வண்டியைத் திரும்ப ரோட்டுக்குக் கொண்டுவரலாம் என்று தரகர் சொன்னால் நம்பாதீர்கள்.

சொந்த உபயோக வண்டிக்கு முதல் பதிவு 15 வருடம் செல்லும். பிறகு ஐந்தைந்து வருடமாகப் படிவம் 25 கொடுத்து, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் சேர்ந்தே வரும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. தாத்தா பெயரில் இருக்கிற வண்டிக்கு வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் தேவைப்படும். சொந்தபந்தம் எல்லாம் சுமுகமாக இருக்கும்போதே அதை வாங்கிவிடுங்கள்.

2021-ல் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடத்துக்கு மேல் ஆகி, மூல உருவம் கெடாமல் இருக்கும் வண்டிக்கு 'வி.ஏ.' எழுத்து கொண்ட தனி நம்பர் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் அந்த நம்பரில் தினசரி உபயோகத்துக்கு ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுதுபார்க்க, அவ்வளவுதான். ஞாயிறு காலையில் டீ குடிக்கப் போக ஆசைப்படுகிறவர்கள் சாதாரணப் பதிவையே காப்பாற்றி வைத்துக்கொள்வது நல்லது.

சேஸிஸை சாண்ட் பிளாஸ்டிங்குக்கோ பவுடர் கோட்டிங்குக்கோ அனுப்பும்போது நம்பர் இருக்கும் இடத்தில் டேப் ஒட்டி, அதன்மேல் தடிமனாக ரப்பர் சுற்றிக் கொடுங்கள். அனுப்புவதற்கு முன்னால் நம்பர் மேல் வெள்ளைத் தாளை வைத்து பென்சிலால் தேய்த்து ஒரு படி எடுத்து வையுங்கள். திரும்பி வந்ததும் ஒப்பிட்டுப் பாருங்கள். தடிமனான பட்டியும் பெயிண்டும் நம்பரை மூடிவிட்டால், ஆய்வுக்குப் போகும் நாளில் உங்கள் உழைப்பெல்லாம் ஒரு கேள்விக்குறியாக நிற்கும்.

ரோட்டில் இறங்கிய பிறகு

ரீபோர் செய்த இன்ஜினுக்கு முதல் 500 கிலோமீட்டர் மெதுவாகப் போக வேண்டும். 50-ஐத் தாண்டாதீர்கள். ஒரே வேகத்தில் நெடுந்தூரம் இழுக்காமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள், டாப் கியரில் திணறவிடாதீர்கள். அரை மணிக்கு ஒருதரம் நிறுத்தி, நட்டு போல்ட்டைக் கண்ணால் ஒரு சுற்று பாருங்கள். ஒற்றை சிலிண்டரின் அதிர்வு எதையாவது தளர்த்தியே தீரும், முக்கியமாக சைலன்சர் கிளாம்பும் நம்பர் பிளேட்டும். ஓரிரு தடவை சூடாகி ஆறிய பிறகு, குளிர்ந்த இன்ஜினில் ஹெட் நட்டுகளைக் குறுக்கு வரிசையில் மறுபடி இறுக்க வேண்டும். ஹெட் இறங்கினால் டேப்பட் அளவும் மாறும், அதனால் அதையும் கையோடு திரும்ப வைத்துவிடுங்கள். 500 கிலோமீட்டர் முடிந்ததும் ஆயிலை வடித்துப் புதிது ஊற்றுங்கள். வடிந்த ஆயிலை இந்த முறையும் வெள்ளைத் தட்டில் பிடித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். புது ரிங் படிந்த சாம்பல் நிறப் பொடி கொஞ்சம் இருக்கும், அதற்குக் கவலைப்பட வேண்டாம். பிளக்கைக் கழற்றினால் முனை வெளிர்பழுப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, புகைக்கரி படிந்திருந்தால் அதிகம். ஏர் ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றாகத் திருப்பி அதைச் சரிசெய்துகொண்டு, அடுத்த வாரம் இன்னும் கொஞ்ச தூரம் போய் வாருங்கள்.